கேத்தலில் படியும் வெள்ளையும் அம்மாவின் சிறுநீரகமும்

வெள்ளவத்தையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விடயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பதினான்கு மாதங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் இருந்து குடும்பத்தோடு இங்கே வந்திருக்கிறார். அங்கே ஐந்து வருடம் பாவித்த மின்சாரக் கேத்தல் பளிச்சென்று இருந்ததாம். இங்கே வந்து ஒரு மாதத்துக்குள் அதன் அடியில் வெள்ளை படிந்தது. இப்போது நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழன்று வருகிறது. ஷவரில் பாதித் துளைகள் அடைத்துவிட்டன. பருப்பு அவிய முக்கால் மணித்தியாலம் எடுக்கிறது. தேத்தண்ணியின் மேல் ஆடைபோல ஒரு படலம் மிதக்கிறது. சுடுநீர் ஹீட்டரின் சுருள் இரண்டு தடவை எரிந்துவிட்டது. "நீங்கள் பாவிச்ச விதம்தான் பிழை" என்று சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் முற்பணத்தில் 38,000 ரூபா கழிக்கப் போகிறாராம்.

அவருடைய அம்மாவுக்கு 67 வயது. மானிப்பாயில் பிறந்து வளர்ந்தவர். பல வருடமாக இரத்த அழுத்தம் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் செய்த பரிசோதனையில் கிறியேற்றினின் (சிறுநீரகம் வடிக்கவேண்டிய கழிவு; இரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று சந்தேகிப்பார்கள்) கொஞ்சம் கூடியிருந்தது. "எல்லாம் இந்தத் தண்ணியாலதான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒருவர் வந்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளைச் செருகி மின்சாரம் கொடுத்துக் காட்டினார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் மண்ணிறமாகி, சேறுபோல மண்டி நின்றதாம். கையடக்க மீற்றரில் டீடிஎஸ் (தண்ணீரில் மொத்தமாகக் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 610 என்று காட்டி, "500ஐத் தாண்டினால் சிறுநீரகம் பழுதாகும்" என்றிருக்கிறார். 185,000 ரூபா இயந்திரத்துக்கு 25,000 ரூபா முற்பணமும் கொடுத்தாயிற்று. இதற்கிடையில் அம்மாவுக்குப் பெரிய போத்தல் தண்ணீரும், "சிறுநீரகத்தைக் கழுவும்" என்று தினமும் ஒரு செவ்விளநீரும் கொடுக்கிறார். கணவர் வாரம் ஒருமுறை குளியலறைக் குழாய்களுக்கு ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார். போன ஞாயிறு பிளீச் ஊற்றிய நிலத்திலேயே ஆசிட்டையும் ஊற்றப்போய், வீடு முழுக்க இருமல்.

அம்மாவோ, "உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே நாங்கள் வளர்ந்தனாங்கள்" என்று சிரிக்கிறாராம். கடிதத்தின் கடைசி வரி இது: "அம்மாவுக்கு நானே நஞ்சைக் குடுத்திட்டேனோ?"

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. நீங்கள் நஞ்சு கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைக் கீழே விளக்கமாக எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தண்ணீரைச் சோதித்தே பிழைத்தவன் நான். இந்தக் கேள்வியைக் கண்ணீரோடு கேட்ட எத்தனையோ மகள்மாரைக் கண்டிருக்கிறேன்.

அதற்கு முன் இன்றைக்கே செய்யவேண்டியவை இரண்டு.

ஒன்று, அந்த ஆசிட் போத்தலை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வரும். அன்றைக்கு உங்கள் எல்லோரையும் இருமவைத்தது அதுதான். ஜன்னல் இல்லாத சிறிய குளியலறையில் அது உயிரையே எடுக்கக்கூடியது. இன்னும் யாருக்காவது நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். குழாயின் பளபளக்கும் குரோமியப் பூச்சையும் அந்த ஆசிட் தின்றுவிடும். பூச்சுப் போன இடத்தில் படிவு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

இரண்டு, செவ்விளநீரை இன்றோடு நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். இளநீரிலும் செவ்விளநீரிலும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது முடியாமல் போகலாம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கும். கூடினால் இதயத் துடிப்பே குழம்பும். இத்தனை நாள் குழாய்த் தண்ணீருக்குப் பயந்து, அதைவிடக் கவனிக்கவேண்டிய ஒன்றை அன்போடு ஊற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான்.

அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது?

கொழும்பு நகரத்துக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை தரும் தண்ணீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிப்பது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. மலைநாட்டு மழை சுண்ணாம்புக்கல் இல்லாத பாறைகளின் மேல் ஓடி வருவதால் அது மென்னீர். அந்தத் தண்ணீரை வருடக்கணக்காகக் கொதிக்கவைத்தாலும் கேத்தலில் பெரிதாக எதுவும் படியாது. கொட்டாஞ்சேனையில் உங்கள் கேத்தல் ஐந்து வருடம் பளிச்சென்று இருந்த காரணம் இதுதான்.

எனவே உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குத் தோன்றியது ஒரே கேள்வி: உங்கள் குழாயில் வருவது யாருடைய தண்ணீர்? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பல தொடர்மாடிகளில் குழாய்க் கிணறும் உண்டு. சபையின் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே நிலக்கீழ்த் தாங்கியில் விழுந்து, மொட்டைமாடித் தாங்கிக்கு ஏறி, கலந்தே வீடுகளுக்கு இறங்கும். குடியிருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் கட்டடத்திலும் இதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன். காவலாளியிடமோ பம்ப் போடுபவரிடமோ தன்மையாகக் கேட்டுப் பாருங்கள், உண்மை வந்துவிடும். கட்டடம் புதிதென்றால் இன்னொரு சாத்தியமும் உண்டு. புதிய சீமெந்துத் தாங்கி முதல் சில மாதங்களுக்குத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கசியவிடும். ஆனால் பதினான்கு மாதம் கழித்தும் செதில் செதிலாகக் கழன்றால், கிணற்றைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

நிலத்தடி நீர் மண்ணுக்குள்ளும் பாறைக்குள்ளும் கிடக்கும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைத்தான் வன்மை என்று படித்தோம். கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கியதும் காபனீரொட்சைட்டு வாயுவாகப் பறந்துவிட, கல்சியம் காபனேற்று வெண்மையாகப் படிகிறது. சூடு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் பிடிக்கும்: கேத்தலின் அடி, ஹீட்டரின் சுருள்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கேத்தலில் கழன்ற செதில் ஒன்றைச் சின்னத் தட்டில் வைத்து, அதன்மேல் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். காதைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய சீற்றம் கேட்கும். விளிம்பிலிருந்து நுண்ணிய குமிழிகள் எழும், செதில் மெதுவாக மெலியும். முட்டைக்கோது, வைத்தியர் எலும்புக்கு எழுதித்தரும் கல்சிய மாத்திரை, பெரும்பாலும் இவையெல்லாம் அதே பொருள்தான்.

இதுவே அம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுத்ததா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் தண்ணீரில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்எல்எஸ் 614 என்ற நமது குடிநீர் நியமம் அனுமதிக்கும் உச்ச அளவு அது. அம்மா நாளுக்கு இரண்டு லீற்றர் குடித்தால் 200 மில்லிகிராம். ஒரு கிளாஸ் பாலில் இருப்பதைவிடக் குறைவு. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நீரின் வன்மைக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட எல்லை எதையும் வைக்கவில்லை. நமது நியமத்தில் வன்மைக்கு உள்ள லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லை சுவை, சவர்க்காரம், படிவு போன்ற பாவனைச் சிக்கல்களையே முக்கியமாகக் கருதி வைக்கப்பட்டது.

"கல்லுத் தண்ணி குடித்தால் சிறுநீரகத்தில் கல்லு வரும்" என்பது சொல் ஒற்றுமையால் வந்த பயம். கல் உருவாவதற்குப் பெரிய காரணம் தண்ணீர் போதாமல் குடிப்பதும் அதனால் சிறுநீர் செறிவாவதும். சாப்பாட்டோடு போகும் கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றை (சில கீரைகளிலும் கொட்டைகளிலும் இருக்கும் ஒரு பொருள்) பிடித்து வெளியேற்றிவிடுவதால், பொதுவாகக் காணப்படும் ஒட்சலேற்றுக் கல்லுக்கு அது ஓரளவு தடையாகக்கூட இருக்கிறது.

அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளைப் பிடித்த சிறுநீரக நோயை நினைத்துத்தான் பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். 1990களில் இருந்து அது பேசப்படுகிறது. வன்மையான கிணற்று நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வறள்வது என்று பலவற்றை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். இதுதான் காரணம் என்று ஒருமித்த முடிவு இன்னும் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பதினான்கு மாதம் இருந்த ஒருவருக்கு அந்தக் கதையை ஒட்டவைக்க முடியாது. அம்மாவுக்குப் பல வருட இரத்த அழுத்தம் இருக்கிறது. சிறுநீரகத்தை மெல்ல மெல்லத் தேய்ப்பதில் இரத்த அழுத்தமும் நீரிழிவும்தான் முன்னணியில் நிற்பவை. இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை அழுத்தமானிக்கும், ஒழுங்கான மாத்திரைக்கும், சிறுநீரக வைத்திய நிபுணரிடம் ஒரு தடவை காட்டுவதற்கும் செலவழித்தால் அம்மாவுக்கு அது கூடுதலாக உதவும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அந்த நிபுணரே சொல்லட்டும்.

அம்மாவின் பேச்சில் பாதி சரி. வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீர் வெள்ளவத்தைக் கிணற்றைவிட வன்மையாகவே இருந்திருக்கும். அந்தக் காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஆறி மண்ட விட்டு, அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுப்பார்கள். காபனேற்று வன்மையைக் குறைக்க இதைவிட மலிவான வழி இன்றும் இல்லை. இன்றைக்கே அம்மாவிடம் அந்த வேலையைக் கேட்டுப் பழகுங்கள். ஆனால் யாழ்ப்பாணத்துத் தண்ணீரிலும் கவலைப்படவேண்டியது ஒன்று இருந்தது, இன்னும் இருக்கிறது. தோட்டத்துப் பசளையில் இருந்தும் மலசலகூடக் குழிகளில் இருந்தும் இறங்கும் நைத்திரேற்று. அதற்கு நிறமில்லை, சுவையில்லை, கேத்தலில் படியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற செறிவுதான் கூடும்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான், சகோதரி. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையைப் பார்த்துப் பயந்து, தெரியாதவற்றைச் சோதிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கம்பி வித்தை

மண்ணிறச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்து வரவில்லை. கம்பியில் இருந்து வந்தது. அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு அரிந்து துருவாகி மிதக்கிறது. சுத்திகரித்த தண்ணீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். அவர் திரும்ப வந்தால், அவருடைய "சுத்தமான" தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும்.

டீடிஎஸ் மீற்றர் பொய் சொல்வதில்லை, ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே விடயம். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, மொத்தமாக எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று மதிப்பிடும். அது கல்சியமா, கறியுப்பா, நைத்திரேற்றா என்று பிரித்துச் சொல்லாது. பக்றீரியாவைக் காணவே காணாது. செவ்விளநீரில் அதை வைத்தால் 610ஐ எங்கோ தாண்டிவிடும். எஸ்எல்எஸ் 614இல் 500 என்ற எல்லை இருப்பது உண்மை. அதைத் தாண்டினால் சிறுநீரகம் பழுதாகும் என்று அந்த நியமத்தில் எங்கும் இல்லை. உங்கள் தண்ணீர் நியமத்தைத் தாண்டியிருக்கிறது, ஏன் என்று பார்க்கவேண்டும். 610இன் பொருள் அவ்வளவுதான்.

25,000 ரூபாவைப் பற்றி: பிழையாக நம்பவைத்து விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. முதலில் அந்த விற்பனையாளருக்கு எழுத்தில், வட்ஸ்அப்பிலாவது, "இயந்திரம் வேண்டாம், முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று அனுப்புங்கள். பற்றுச்சீட்டையும் அவர் தந்த துண்டுப்பிரசுரத்தையும் பத்திரமாக வையுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். முறைப்பாட்டுக்கு மூன்று மாதக் காலக்கெடு உண்டு, உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது. வாசல் கதவடியில் நடந்த பேச்சுக்குச் சாட்சி குறைவு என்பதால் முழுப் பணமும் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

எதைச் சோதிப்பது?

மூன்று போத்தல் தண்ணீர் எடுக்கவேண்டும். ஒன்று, சபையின் குழாய் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில், தாங்கிக்கு முன்னால். இரண்டாவது, குழாய்க் கிணற்றுப் பம்பில். மூன்றாவது, உங்கள் சமையலறைக் குழாயில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிந்துவிடும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு எடுங்கள். பக்றீரியாச் சோதனைக்கு ஆய்வுகூடமே தரும் கிருமிநீக்கிய போத்தலில்தான் எடுக்கவேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்திலும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்திலும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

கேட்கவேண்டியவை: மொத்த வன்மை, கல்சியம், மக்னீசியம், குளோரைட்டு, சோடியம், நைத்திரேற்று, இரும்பு, புளோரைட்டு, ஈகோலை பக்றீரியா. அறிக்கை வந்ததும் வன்மையை முதலில் பார்க்காதீர்கள். ஈகோலை இருக்கவே கூடாது. இருந்தால் மலக் கழிவு கலந்திருக்கிறது, அன்றிலிருந்து கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்கக்கூடாது. லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் நைத்திரேற்று 50க்குள், புளோரைட்டு 1க்குள் இருக்கவேண்டும். பிறகு குளோரைட்டு. அது 250ஐத் தாண்டினால் கிணற்றுக்குள் கடல் வந்துகொண்டிருக்கக்கூடும். வெள்ளவத்தை கடலோரம். நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த இடத்தைக் கடல்நீர் பிடிக்கும். கடல்நீரோடு சோடியமும் வரும். இரத்த அழுத்தம் உள்ள அம்மாவுக்கு, கேத்தலில் படியும் சுண்ணாம்பைவிட இந்த உப்புத்தான் எனக்குக் கவலை. அம்மாவின் வைத்தியரிடம் அறிக்கையின் அந்த வரிகளைக் காட்டுங்கள்.

அறிக்கை வரும்வரை அம்மாவுக்குப் பெரிய போத்தல் தண்ணீரே இருக்கட்டும். அதில் எஸ்எல்எஸ் 894 இலச்சினை இருக்கிறதா, மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தத் தீர்வு உங்களுக்குப் பொருந்தும்?

ஆகச் சிறந்த தீர்வுக்கு இயந்திரமே வேண்டாம். சபைத் தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் சமையலறைக்குக் கொண்டுவந்து, கிணற்றுத் தண்ணீரை மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் விடுவது. கட்டடத்தில் தாங்கி இரண்டு இருந்தால் இது பெரிய வேலை இல்லை. கிணறும் தாங்கியும் பொதுச் சொத்து என்பதால் வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்தான் செய்யவேண்டும். வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு அங்கே குரல் குறைவு, வீட்டுச் சொந்தக்காரருக்கு உண்டு. மூன்று போத்தல் அறிக்கையை அவர் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். அவருடைய ஹீட்டரும் அவருடைய குழாய்களும்தானே பழுதாகின்றன. கூட்டுத்தாபனம் அசையாவிட்டால் தொடர்மாடிகளுக்குப் பொறுப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் அவர் முறையிடலாம்.

ஆர்ஓ இயந்திரம், அதாவது தண்ணீரை மென்சவ்வினூடாக அழுத்தி உப்பை நீக்கும் இயந்திரம், வேலை செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். குளோரைட்டோ நைத்திரேற்றோ கூடியிருந்தால், குடிக்கவும் சமைக்கவும் சமையலறைத் தொட்டியின் கீழ் சின்னதாக ஒன்று போதும். ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீற்றர் கழிவாகப் போகும் என்பதையும், வன்மை கூடிய தண்ணீரில் அதன் மென்சவ்வும் சுண்ணாம்பால் அடைபடும் என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை. வாங்குமுன் வருடாந்த வடிகட்டிச் செலவை எழுதி வாங்குங்கள்.

உப்புப் போட்டு இயக்கும் மென்னீராக்கி ஷவருக்கும் ஹீட்டருக்கும் உண்மையில் நல்லது. ஆனால் அது கல்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. 100 மில்லிகிராம் வன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம். வன்மை 300 என்றால் லீற்றருக்கு ஏறத்தாழ 138 மில்லிகிராம் கூடும். அம்மா குடிக்கும் குழாயை அதில் இணைக்கவே கூடாது. சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசிய உப்புப் போடலாம் என்று யாராவது சொன்னால், சிறுநீரகம் தளர்ந்தவர் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். குழாயில் கவ்வும் காந்தத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். நம்பிச் சொல்லக்கூடிய பலனை நான் காணவில்லை.

தேத்தாங்கொட்டை போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது கலங்கல் மண்ணை அடியில் இறக்கும், நல்ல பழக்கம். கரைந்திருக்கும் கல்சியத்தை அது தொடாது.

மகனுக்குத் தோல் வறண்டு அரிப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரண்டு தோலில் ஒட்டும், அது எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் கரப்பான் என்ற தோல் நோய் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் மென்னீராக்கி பூட்டி இங்கிலாந்தில் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. வழமையான சிகிச்சையோடு ஒப்பிடும்போது கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சவர்க்காரத்தைக் குறைத்து, நன்றாக அலசி, குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெயோ கிறீமோ பூசிப் பாருங்கள். குறையாவிட்டால் தோல் வைத்தியர்.

படிவை எடுப்பது

கேத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு இளஞ்சூடாக்கி, அணைத்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சிற்றிக் அமிலத் தூள் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம். கொதித்தால் கரையாத இன்னொரு படிவு வரக்கூடும். தூள் இல்லாவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி. பிறகு கழுவி, ஒரு தடவை கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கள். ஷவரின் தலையை ஒரு பொலித்தீன் பையில் வினாகிரி ஊற்றி மூழ்கும்படி ரப்பர் பட்டியால் கட்டி, ஒரு மணித்தியாலம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் துளைகள் திறக்கும். மாபிள் நிலத்திலோ சீமெந்து நிலத்திலோ வினாகிரியோ வேறு எந்த அமிலமோ படவிடாதீர்கள், அவையும் சுண்ணாம்புதான். இந்த வேலைகளின்போது பிளீச் போத்தல் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

பருப்பை மட்டும் போத்தல் தண்ணீரில் அவித்துப் பாருங்கள். கல்சியம் பருப்பை இறுக்கிவிடுவதால்தான் அவியாமல் நிற்கிறது. சோடா மா போட்டால் மெதுவாகும், ஆனால் அதுவும் சோடியம் என்பதால் அம்மாவின் கறிக்கு வேண்டாம்.

ஹீட்டர் விடயத்தில் வீட்டுச் சொந்தக்காரர் சொல்வது சரியில்லை. சுருளில் சுண்ணாம்பு தடித்தால் அதன் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே அடைபட்டு எரிந்துவிடும். ஆளின் பாவனையால் வருவதில்லை, கட்டடத்தின் தண்ணீரால் வருவது. எரிந்த சுருளை எறிந்துவிடாதீர்கள். மின்னியலாளரிடம் காரணத்தை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கி, சுருளைப் படம்பிடித்து வையுங்கள். நான் சட்டத்தரணி இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள். 38,000 ரூபாவுக்கு நீதிமன்றம் ஏறத் தேவையில்லை, உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கே கொண்டுபோகலாம். ஆனால் அதற்கு முன், அறிக்கையையும் சுருளையும் மேசையில் வைத்து அவரோடு ஒரு தேத்தண்ணி குடித்துப் பேசுங்கள். புதிய சுருள் பூட்டும்போது ஹீட்டரின் சூட்டை 60 பாகைக்கு மேல் வைக்காமல் விடச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் படிவு வேகமாகும். வருடம் ஒருமுறை மின்னியலாளர் திறந்து சுத்தம் செய்யட்டும். நீங்களோ கணவரோ அதைத் திறக்கவேண்டாம்.

வீடு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். அறிக்கையைப் பார்க்காமல் மாறவேண்டாம். மாறத்தான் வேண்டும் என்று வந்தால், புதிய வீட்டைப் பார்க்கப் போகும்போது மூடியுள்ள வெற்றுப் போத்தல் ஒன்றும் சாதாரணத் துணிச் சவர்க்காரத் துண்டு ஒன்றும் கைப்பையில் கொண்டுபோங்கள். ஷாம்பூவோ சலவைத் தூளோ சரிவராது, அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். அரைப் போத்தல் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை தடிப்பாக எழுந்து, கீழே தண்ணீர் தெளிவாக நின்றால் அது மென்னீர். நுரை எழாமல் பால்போலக் கலங்கி, மேலே தயிர்போலத் திரண்டால் அங்கேயும் கிணறு இருக்கிறது. குளியலறைக்குள் போய் ஷவரையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.